நமது 16 வீட்டு மாடிக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் பிரதி படிக்கட்டுப் பலகையில் ஒட்டப்படும், போகும்போதும் வரும்போதும் அவர்கள் படிக்கலாம்.

நிர்வாக சபை மாதம் ஒரு தரம் கூட வேண்டும் என்பது நமது யாப்பு. 12 கூட்டத்தில் 8 நடந்தன. மூன்றுக்கு ஆள் போதவில்லை. ஒன்று நவம்பர் பொதுத் தேர்தல் வந்ததால் தள்ளிப்போனது, அப்படியே நின்றும் விட்டது. மேல் தண்ணீர்த்தாங்கி இரண்டு தரம் கழுவப்பட்டது. சிரமதானம் இரண்டு. நோன்பு மாதத்தில் 6ஆம் இலக்க வீட்டிலிருந்து 16 வீட்டுக்கும் கஞ்சி வந்தது, நத்தாருக்கு 11ஆம் இலக்கத்திலிருந்து கேக் வந்தது. 9ஆம் இலக்க வீட்டு அம்மம்மா ஓகஸ்டில் காலமானார், சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைத்தோம். படிக்கட்டு விளக்கு மூன்று மாற்றினோம். வாசல் கேற்றின் பூட்டு இன்னும் மாற்றப்படவில்லை.

இனி மொட்டைமாடித் தோட்டம். இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் கரட் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது இதே கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள், மேலே சும்மா கிடக்கும் இடத்தில் ஏதாவது நடுவோம் என்று. கூட்டறிக்கைக் கொப்பியில் இருக்கிறது. கை தூக்கியவர்கள் 14 பேர். கரட்டே போடலாம் என்று ஒருவர் சொன்னார். கரட் குளிர்மலை நுவரெலியாக்காரி, மட்டக்களப்புக் கல்லடி வெயிலுக்கு இறங்கி வரமாட்டாள் என்று அன்றைக்கே சொன்னேன். 2022இல் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள் அல்லவா? அந்த வெள்ளிகளில் இந்தக் கட்டடமே நித்திரை கொண்டது. அப்போது நானும் கந்தோரில் இருந்தவன், நானும் நித்திரைதான். அந்தக் கடனைத் தீர்ப்போம் என்றுதான் பொறுப்பெடுத்தேன்.

மண் பாரத்துக்குக் கூரைத் தட்டு இறங்கிவிடாதா என்று 13ஆம் இலக்கத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பெயின்ற் வாளி நிறைய ஈரமண் போட்டால் 30 கிலோவுக்கு மேல் வரும், அப்படி அறுபது வைத்தால் இரண்டு தொன் அளவில் போய் நிற்கும். அதனால் வெறும் மண் போடவில்லை. மேல்மண் ஒரு பங்கு, வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலிருந்து வந்த மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மேலே இரண்டு கை உமிக்கரி. தும்புத்தூளை இரண்டு தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தோம், அதில் உப்பு இருக்கும். வாளிகளை நடுவில் குவிக்காமல் பீம் ஓடும் இடம் பார்த்துக் கரையோரமாக வைத்தோம். நமது உறுப்பினர் ஒருவர் உதவி செய்யும் எண்ணத்தில் கடற்கரை மணல் இரண்டு உரப்பை கொண்டுவந்து கலந்துவிட்டார். அந்த ஏழு வாளியிலும் ஒன்றும் முளைக்கவில்லை. நல்ல மனசுதான், ஒன்றும் சொல்லவில்லை.

நாற்றுக்குச் சட்டி வாங்கக் காசு இல்லை. சட்டித் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இருந்துகொண்டு சட்டிக்குக் காசு கொடுப்பதா? சித்திரை வருடப்பிறப்போடு வீட்டுக்கு வீடு கேட்டு 43 தயிர்ச்சட்டி சேர்த்தேன். தயிர்ச்சட்டியின் அடியில் ஓட்டை கிடையாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு இரவு முழுக்கச் சட்டியைத் தண்ணீரில் ஊறவிட்டு, மணல் மேல் கவிழ்த்து வைத்து, பழைய கொங்கிரீட் ஆணியின் முனையை வைத்துச் சுத்தியலால் தட்டாமல் கையாலேயே திருகித் திருகித் துளைக்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டி இரண்டு. முதல் நாள் ஆறு உடைந்தன, அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. 37 மிஞ்சின. 8ஆம் இலக்க வீட்டுச் சட்டிகள் கழுவப்படாமல் வந்தன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கத்தரி, வெண்டி, பயற்றை, கொச்சிக்காய், பசளி, வல்லாரை என்று போட்டோம். தக்காளி நன்றாக வளர்ந்து, பூத்து, பூவையெல்லாம் உதிர்த்தது. இரவிலும் வெக்கை அடங்காவிட்டால் அது அப்படித்தான் செய்யும் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார். முதலில் கேட்டிருக்கலாம்.

மே மாதம் கச்சான் தொடங்கியது. கீழே நிற்பவர்களுக்குக் கச்சான் என்றால் வெக்கைக் காற்று, அவ்வளவுதான். மேலே நின்று பார்க்க வேண்டும். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கே இல்லை, கத்தரி இலை அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஊற்றாமல் முடியாது. முறைப் பட்டியல் எழுதினேன், மேல் கதவில் கொப்பி ஒன்றும் கட்டித் தொங்கவிட்டேன். ஊற்றியவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

மே முதல் ஓகஸ்ட் வரை 123 நாள், 246 தரம். கொப்பியின்படி நான் 131. 15ஆம் இலக்கத்துத் தம்பி 42. 5ஆம் இலக்கத்துப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, 37. மற்ற எல்லோரும் சேர்ந்து 19. ஒருவருமே ஊற்றாதது 17. கையெழுத்து இருந்தும் வாளி காய்ந்து கிடந்த நாட்களை நான் தனியாகப் பிரிக்கவில்லை. நான் இருப்பது தரைத்தளம். மேலே 64 படி. 131 தரத்துக்கு 8,384 படி, ஏறியது மட்டும். என் முழங்காலுக்கு இந்தக் கணக்குத் தெரியும்.

வராததற்குக் காரணம் எல்லோரிடமும் இருந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போனார்கள், கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்தும் ஒரு கிழமை வரவில்லை. பிறகு கதிர்காமப் பாதயாத்திரை. அதற்குப் பிறகு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா. சாமிக் காரியத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆடி அமாவாசைக்கு நானும்தான் தீர்த்தமாடினேன். ஆனால் விடிய ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

தண்ணீர் விடயத்தில் ஒரு சச்சரவு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமது கிணறு ஜூனிலேயே உவர் தட்டிவிட்டது, இலை ஓரமெல்லாம் கருகியது. குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். உன்னிச்சைக் குளத்திலிருந்து குடிக்கக் கொண்டுவரும் தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்றுவதா என்று கேட்டார்கள். சரி, அரிசி கழுவிய தண்ணீரை வாசலில் வாளியில் வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நான்கு வீடு வைத்தது. மோட்டார் ஓடி மின்சார பில் ஏறும் என்றும் ஒரு குற்றச்சாட்டு. 2024இல் மின்கட்டணம் மார்ச்சிலும் ஜூலையிலும் குறைந்தது, நமது பில்லும் குறைந்தது. அதற்குத் தோட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கூடியிருந்தால் தோட்டம்தான் காரணம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு நாள் வந்தார். நுளம்புக் குடம்பி இருந்தது, உண்மை. செடித் தட்டுகளில் அல்ல, ஒரு உறுப்பினர் “பிறகு உதவும்” என்று மேலே போட்டிருந்த பழைய டயரில். இருந்தாலும் செடித் தட்டுகள் அத்தனையையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். முட்டை பெரிய நுளம்பாகப் பத்து நாள்கூட வேண்டாம், நாமோ டயரைக் கீழே இறக்க மூன்று மாதம் எடுத்தோம்.

விளைச்சலை என் குசினித் தராசில் நிறுத்துப் பங்கிட்டேன். கத்தரி 44 கிலோ, வெண்டி 31, கொச்சிக்காய் 9. கீரை நிறுக்கவில்லை. இதில் இரவோடு இரவாகப் பறிபோனது சேரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைக்கென்று விட்டுவைத்த பன்னிரண்டு கத்தரிக்காய் வியாழன் மாலை இல்லை. யார் என்று எழுத மாட்டேன். பால்கறி வாசம் படிக்கட்டுவரை வந்தது.

நவம்பர் மழை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி ஒத்திவைத்த மழை அது. ஒரு இரவு பதினொரு மணிக்கு 14ஆம் இலக்கத்து அக்கா கதவைத் தட்டினா, “தம்பி, மண்டபத்துக்குள்ள ஒழுகுது, ஓடி வாங்க.” டோர்ச்சோடு ஏறினேன். மேலே கணுக்காலளவு தண்ணீர், தயிர்ச்சட்டிகள் சரிந்து ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன. சுவரோரம் தடவித் தடவி வடிகுழாயைக் கண்டுபிடித்து, முழங்கைவரை கையை விட்டேன். முதலில் ஒரு பிடி பசளி இலை. பிறகு உடுப்புக் கவ்வி இரண்டு. கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு. அது வந்ததும் குழாய் ஒரு ஏப்பம் விட்டது, தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

பசளி இலை தோட்டத்துடையது, ஒத்துக்கொள்கிறேன். 14ஆம் இலக்கத்து அக்காவிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் செருப்பு நான் நட்டதல்ல. வடிகுழாய் வாய்க்கு வலை போட 2,000 ரூபாய் வேண்டும் என்று ஜூலையிலேயே எழுத்தில் கேட்டிருந்தேன், ஆள் போதாத கூட்டங்களில் அதுவும் ஒன்று. அந்த வீட்டுக் கூரை ஒழுக்கு 2022 டிசம்பர் கூட்டறிக்கையிலும் இருக்கிறது. அப்போது மேலே ஒரு செடியும் இல்லை.

கணக்கு. சந்தா மாதம் 1,500. 16 வீடும் தந்தால் வருடத்துக்கு 288,000 ரூபாய். வந்தது 231,000. செலவும் ஏறக்குறைய அந்த அளவுதான், விபரம் பொருளாளரின் கொப்பியில் இருக்கிறது, விரும்பியவர் பார்க்கலாம். தோட்டத்துக்கு இருபதாயிரத்துக்கு உட்பட்டே போனது, சில்லறைச் சாமான்கள் என் காசு. நிலுவை 57,000, ஐந்து வீடு. ஒரு வீட்டில் மட்டும் வருடம் முழுவதும் ஒரு சதம் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கிறோம், நாங்கள் படியேறுவதில்லையே என்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு மேலேயும் கூரை இருக்கிறதே.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், கூட்டிப் பெருக்கும் அக்கா, எரு ஏற்றிவந்த லேண்ட்மாஸ்டர்கார அண்ணன், சட்டி தந்த எல்லா வீடுகளும். முக்கியமாக 15ஆம் இலக்கத்துத் தம்பி, 5ஆம் இலக்கத்துப் பிள்ளை.

அடுத்த ஆண்டுக்கு நான் நிற்பதாக இல்லை. முழங்காலைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். சபை வற்புறுத்தினால் யோசிக்கலாம், ஆனால் மே தொடக்கம் கிழமைக்கு ஒரு நாள் என்று ஆறு பெயர் இந்தத் தாளின் அடியில் எழுதப்பட வேண்டும். ஏழாவது நாள் என்னுடையது. எழுதப்படாவிட்டால் மேல் கதவின் திறப்பு படிக்கட்டு ஆணியில் தொங்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். கத்தரி விதை எடுத்துக் காயவைத்துக் கடதாசியில் மடித்து வைத்திருக்கிறேன். நாற்றுப் போட 31 சட்டி இருக்கிறது, மழையில் ஆறு போய்விட்டது. தயிர் சாப்பிடுகிறவர்கள் சட்டியை எறிய வேண்டாம். கழுவித் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
(3ஆம் இலக்க வீடு)

பி.கு.: செருப்பு நீலநிறம், இடது கால். என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம், சந்தா கேட்க மாட்டேன்.