சித்திக்கு வந்தது வயித்துக் கட்டி இல்ல பாப்பா

பாப்பா,

போன்ல பேசலாம்னா உங்கப்பா பக்கத்துலயே உக்காந்துகிட்டு என்னா என்னான்னு கேட்டுகிட்டு இருப்பாரு, அதான் மொட்டமாடிக்கு வந்து டைப் அடிக்கிறேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

நேத்து கேட்டியே, நியூஜெர்சில டாக்டர் 40 ஆனாலே மேமோகிராம், அதான் மார்புல கேன்சர் இருக்கான்னு பாக்கற எக்ஸ்ரே படம், எடுன்றாங்க, லண்டன்ல இருக்கற ப்ரெண்டுக்கு 50 ஆனாதான் லெட்டரே வருமாம், யாரும்மா கரெக்டுன்னு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. உங்க ஊர்லயும் முன்னாடி நிபுணர் குழு 50ன்னுதான் வச்சிருந்தாங்க, 2024லதான் 40லேர்ந்து 74 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டின்னு மாத்துனாங்க. லண்டன்ல 50க்கு மேல, மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி. ஒரே கணக்க ஆளாளுக்கு ஒரு மாதிரி எடை போடறாங்க, அவ்ளோதான்.

அந்தக் கணக்கு என்னான்னு சொல்றேன் கேளு. 2012ல இங்கிலாந்துல ஒரு குழு உக்காந்து பாத்துச்சு. 50 வயசான 10,000 பொம்பளைங்கள 20 வருஷம் கூப்ட்டுக் கூப்ட்டு படம் எடுத்தா 43 உசுரு தப்பிக்கும். அதே சமயம் 129 பேருக்கு, சாகற வரைக்கும் சும்மா கெடந்திருக்க வேண்டிய ஒரு கட்டியக் கண்டுபுடிச்சி ஆபரேஷன், கரண்டு வைக்கிறதுன்னு எல்லாத்தயும் பண்ணிடுவாங்க. தான் 43லயா 129லயான்னு எவளுக்கும் தெரியாது, வைத்தியம் பாத்த டாக்டருக்கே தெரியாது, எல்லாரும் பொழச்சிட்டேன்னுதான் சாமி கும்புடுவாங்க. உன் வயசுல இன்னும் சிக்கல், மார்பு சதை கெட்டியா இருக்கும், அது படத்துல வெள்ளையா தெரியும், கட்டியும் வெள்ளையா தெரியும், பால் பாயசத்துல தேங்காச் சில்லு தேடற கதைதான். அதனால மறுபடி வா, ஊசி போட்டுப் பாக்கணும்னு கூப்புடறது ஜாஸ்தி, கடைசில முக்காவாசி ஒண்ணும் இருக்காது.

எனக்கும் கூப்ட்டாங்க. உனக்குத் தெரியாது, நீ அப்ப மாசமா இருந்த, எனக்கு 54. பாண்டில எடுத்த படத்துல ஏதோ புள்ளி புள்ளியா இருக்குன்னு ஊசி போட்டு சதை எடுத்தாங்க, ரிசல்ட் வர ஒம்போது நாள். அந்த ஒம்போது நாளும் உங்கப்பா ரெண்டு வேளையும் டீ போட்டுக் குடுத்தாரு, முப்பது வருஷத்துல நடக்காத அதிசயம், அதப் பாத்துதான் எனக்கு பயமே வந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அடுத்த நாள்லேர்ந்து டீ நான்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆஸ்பத்திரி பாரத்துல குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லன்னு எழுதிட்டு வந்தேன்னு சொன்னல்ல, அதக் கேட்டதுலேர்ந்து எனக்கு தூக்கம் இல்ல. பண்ருட்டி சித்திக்கு வந்தது வயித்துக் கட்டி இல்ல. மார்புலதான். 47 வயசு அவளுக்கு. ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க, ரத்தத்துலயே இருக்குன்னு மாப்ள வீட்ல பின்வாங்கிடுவாங்கன்னு அவ மாமியார் சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம். நானும் கேட்டேன். குறிஞ்சிப்பாடி பக்கம் வீடு வீடாப் போயி ஊருக்கெல்லாம் சொன்ன நர்சம்மா, கூடப் பொறந்தவ எட்டு மாசம் கட்டிய ஜாக்கெட்டுக்குள்ள மறச்சது தெரியாம இருந்திருக்கேன். தோல் சுருங்கி உள்ள இழுத்த பொறவுதான் காட்டுனா. பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் பஸ்ல கூட்டிட்டுப் போனேன், கன்னியக்கோயில் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல.

அம்மாவுக்கோ கூடப் பொறந்தவளுக்கோ வந்தாதான் டாக்டருங்க பெருசா எடுத்துக்குவாங்க, சித்தின்னா கொஞ்சம் கம்மிதான், ஆனா 50க்குள்ள வந்துச்சின்னா கட்டாயம் சொல்லணும். நீ கையில தராசு வச்சிகிட்டு என்னக் கேக்குற, ஒரு படிக்கல்ல நான் முந்தானைல முடிஞ்சி வச்சிருந்திருக்கேன். திங்கக்கிழமை போன் போட்டு பாரத்த மாத்தச் சொல்லு. சித்தி இல்லன்னா பொறுமையா யோசின்னு சொல்லியிருப்பேன். இப்ப எடுத்துடுன்றேன். மறுபடி கூப்ட்டா மட்டும் பதறாத.

இந்த லாப நஷ்டக் கணக்கெல்லாம் உடம்புல ஒரு அறிகுறியும் இல்லாம நல்லா இருக்கறவளுக்குத்தான். மார்பத் தொடறப்ப கட்டி தட்டுப்பட்டா, காம்புல ரத்தம் வந்தா, கணக்கு பாக்காத, அன்னிக்கே போ.

என் வயசுக்கு கையால தொட்டுப் பாக்கறதே போதும்னு நெனைக்கிறேன். மும்பை டாடா ஆஸ்பத்திரில 1998ல ஆரம்பிச்சி ஒன்றரை லட்சம் பேர எடுத்து, அதுல பாதிப் பேருக்கு எங்கள மாதிரி ட்ரெயினிங் எடுத்த பொம்பளைங்களே ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி மார்பத் தொட்டுப் பாத்தாங்க, 20 வருஷம் கழிச்சிப் பாத்தா 50க்கு மேல உள்ளவங்கள்ல மார்புக் கேன்சர் சாவு கிட்டத்தட்ட 30 சதம் கொறஞ்சிருந்துச்சி. 50க்குள்ள கொறையல, அதையும் சொல்லிடறேன். மிஷின் இல்லாம, கையால. அதுல எனக்கு ஒரு பெருமை.

சித்தி பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியாது. அவங்களுக்கு நான் நேர்ல போயிதான் சொல்லணும், நீ முந்திகிட்டு வாட்சப்ல போட்றாத. ஞாயித்துக்கிழமை காலைல பண்ருட்டி பஸ் ஏறப்போறேன். உங்கப்பாகிட்ட பலாப்பழம் வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

அம்மா