வேலை தூரத்துல, வீடு மலைமேல

ஆசிரியருக்கு வணக்கம்,

நகர்ப்புற வறுமைன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் உதவித்தொகை, இலவசம்னு தான் ஆரம்பிக்கிறாங்க, அதை வேணாம்னு சொல்லல, ஆனா ஒரு நகரத்தை நிர்வாகம் பண்றவங்க கையில இருக்கிறது பஸ், தண்ணி, சாக்கடை, வீட்டுமனை இதெல்லாம் தானே, அதுல கைவைச்சாலே பாதி பாரம் குறையும்.

கொலம்பியாவுல மெடஜின்னு ஒரு ஊர். ஏழைங்க எல்லாம் மலைச்சரிவுல குடிசை போட்டு இருந்தாங்க, வேலையெல்லாம் கீழ. 2004-ல அங்க கேபிள் கார் விட்டாங்க, டூரிஸ்ட்டுக்கு இல்ல சார், கூலி வேலைக்குப் போறவங்களுக்கு, அதுவும் மெட்ரோ ரயிலோட சேர்த்து. 2011-ல இன்னொரு மலைக்குடியிருப்புல தெருவுலயே எஸ்கலேட்டர் வச்சாங்க! கேட்டா சிரிப்பு வரும், ஆனா தினம் நூத்துக்கணக்குல படி ஏறி இறங்குறவங்களைக் கேட்டாத்தான் அதோட அருமை தெரியும்.

பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேல 1989-லயே மாநகராட்சி பட்ஜெட்டுல ஒரு பங்கை எதுக்கு செலவு பண்ணணும்னு மக்களே கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. அவங்க கேட்டது என்ன, சிலையா? குடிநீர், சாக்கடை, ரோடு.

நம்மாளுங்க செய்ற பெரிய தப்பு குடிசையை இடிச்சிட்டு ஊருக்கு வெளிய வீடு கட்டிக் குடுக்கிறது. வீடு கிடைக்கும், வேலை போயிடும், மிச்சம் இருக்கிற சம்பளமும் பஸ்சுக்கே சரியாப் போகும். அடுத்த தடவை மாநகராட்சி திட்டம் பத்தி செய்தி போடும்போது எத்தனை கோடின்னு மட்டும் போடாம அந்த வீட்டுலருந்து வேலைக்குப் போக எத்தனை நிமிஷம்னும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்