ஓடைக்கரையிலிருந்து

ஆதம்பாக்கம்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்று எழுதியவன், என்ன பெயர் என்று எழுத மறந்துவிட்டாய். உன் வழக்கம்தான்.

இந்த வருஷமாவது வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்குமா என்று கேட்டிருந்தாய். அதைப் பார்க்கத்தான் நேற்று வீராங்கல் ஓடைப் பக்கம் போனேன். ஒரு இயந்திரம் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க நாலு பேர், என்னையும் சேர்த்து. நாம் இங்கே வாடகைக்கு இருந்த காலத்தில் அதைச் சாக்கடை என்றுதானே நினைத்தோம்? இந்தப் பக்கத்து உபரிநீரைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகும் வாய்க்காலடா அது.

தூர்வாருகிறார்கள், கரைச்சுவர் கட்டுகிறார்கள், புது மழைநீர் வடிகால் போடுகிறார்கள். தப்பே இல்லை. ஆனால் எல்லாம் தண்ணீரை விரட்டுகிற வேலை. விரட்டினால் எங்கே போகும்? சதுப்பு நிலமே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு வரை போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். சமதரை, வேகமே கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழை விட்ட பிறகும் மூன்று நாள் மொட்டைமாடியில்தான் எங்களுக்குச் சமையல்.

அடுத்த வருஷம் அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, டிவியில் பார்த்துவிட்டுப் போன் செய்து சிரித்தாயே, அதில் ஒன்று என் பக்கத்து வீட்டுக்காரருடையது. பயந்த அளவுக்கு அன்று மழை பெய்யவில்லை. அவரும் அசடு வழியவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் உருப்படியாக ஒன்று நடந்தது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில், அரசு திரும்ப எடுத்துக்கொண்ட 160 ஏக்கருக்குள் குளங்கள் வெட்டினார்கள். அங்கே பெய்கிற மழை முன்பு நேராக வேளச்சேரிப் பக்கம் இறங்கிவிடும். இப்போது கொஞ்சமாவது அங்கேயே நிற்கிறது. இது உனக்குப் புதிதா என்ன! உங்கள் ஊரில் ஒரு கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்த பிறகுதானே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர்? இங்கே கண்மாயைத் தூர்த்துவிட்டுக் கலுங்கை மட்டும் அகலப்படுத்திக்கொண்டிருந்தோம். 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி இப்போது 55 ஏக்கர். என் வீடு இருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

சரி, ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று. பத்திரங்களைப் பரணில் போட்டாயிற்று. கார்த்திகை கழிந்ததும் குழந்தையைப் பார்க்க வருகிறேன். அதற்குள் பெயரை எழுது.

உன்,
ராமு