'ச'வுக்கும் 'ரி'க்கும் நடுவில் ஒரு பயம்

அன்புத் தங்கைக்கு,

அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் 'ஐட் ராதர் கோ ப்ளைண்ட்' பாட்டைக் கல்லூரி விழாவில் பாடப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். முதல் வரியிலேயே குரலை முழுசாகத் திறந்துவிடுகிறாய். அப்புறம் ஏறிப்போக இடமே இல்லை.

1967-இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில், ஃபேம் ஸ்டூடியோவில் பதிவான பாட்டு இது. 'டெல் மாமா' இசைத்தட்டின் மறுபக்கமாகத்தான் வந்தது. மொத்தப் பாட்டும் இரண்டே கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் இரண்டே ஸ்வரக் கொத்துகளில், ஓடுகிறது. ஏ மேஜரில் எடுத்தால் ஏ, பி மைனர், திரும்பவும் ஏ. உனக்குப் பழகின கணக்கில் சொல்கிறேன்: 'ஏ'யை ஷட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்தால் முதல் கார்டு ச க ப, இரண்டாவது ரி ம த. பொதுவான ஸ்வரம் ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் 'நி' இல்லை என்பதைக் கவனி. கிடார் வாசிக்கும் பையன் கை பழக்கத்தில் ஈ செவன் என்ற மூன்றாவது கார்டைச் சேர்ப்பான், சேர்க்க விடாதே. அதில் 'நி' இருக்கிறது. அது வந்தால் 'ச'வில் இறங்கும்போது காதுக்கு ஒரு நிம்மதி கிடைத்துவிடும். காதலன் போய்விடுவான் என்று தெரிந்தும் விட முடியாமல் அதே இடத்தைச் சுற்றிவருகிறவளுக்கு ஏது நிம்மதி?

தாளம் நாலு அடி, ஒவ்வொன்றிலும் ஒரு தகிட, அதாவது மூன்று சமமான துடிப்பு. மெட்ரோநோமை 60-இல் வைத்துப் பழகு. இவ்வளவு மெதுவாகப் போனால் டிரம்மருக்கு இடைவெளி பயம் காட்டும், ஓட ஆரம்பிப்பார். டிரம்ஸின் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டில் தகிடவை விடாமல், சன்னமாக வாசிக்கச் சொல். நீ சொல்லை அடி விழுந்தபின் ஒரு நூல் தள்ளிப் போடு. வரிக்கு வரி கமகம் வேண்டாம். வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் ஒரு சின்ன வளைவு போதும்.

முதல் பகுதியில், அவன் இன்னொருத்தியோடு பேசுவதைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தைக் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் சொல். கோபத்தைக் கொண்டுவந்தால் பாட்டு சண்டையாகிவிடும்.

இரண்டாம் பகுதியில்தான் உயிர் இருக்கிறது. அவனுடைய முத்தத்தை நினைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். உதட்டருகே கொண்டுபோன கண்ணாடி டம்ளரில் தன் முகம் தெரிகிறது, முகத்தில் கண்ணீர். அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிகிறது! நீ போவதைப் பார்ப்பதைவிடக் குருடாவதே மேல் என்பவளுக்கு அந்த டம்ளர் அவளையே காட்டிவிடுகிறது. அங்கே மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, காற்று கலந்த குரலில் பாடு. பேஸும் ஆர்கனும் போதும், டிரம்பெட் மாதிரியான பிராஸ் வாத்தியங்கள் வேண்டாம்.

இந்த டம்ளர் வரிகளுக்கு முன்பே, முதல் பகுதியின் முடிவில், எனக்கு விடுதலையே வேண்டாம் என்கிறாள். அதுவரை சேர்த்துவைத்த குரலையெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கொடு. அதற்கு முன்னால் ஒரு முழு மூச்சு எடுத்துக்கொள். மூச்சு மைக்கில் கேட்டால் கேட்கட்டும்.

முடிக்கும்போது 'ஏ'க்குத் திரும்பாதே. பி மைனரிலேயே ஆர்கனை நிறுத்திவிடச் சொல்.

அன்புடன்,
அக்கா