பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கை வை

கண்ணு,

நீ பிரித்துப் போட்டிருக்கும் பழைய புல்வெட்டும் டிராக்டரின் படங்கள் வந்தன. எஞ்சின் தகட்டில் கோலர் கே301 என்று தெளிவாகத் தெரிகிறது. 12 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். நல்ல எஞ்சின்தான் எடுத்திருக்கிறாய். எதைத் தொடுவதானாலும் முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கை வை. போனில் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைத்துக் காட்டுகிறது, எஞ்சின் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதை வைத்து முடிவு செய்யாதே. ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு அதன் கேம்ஷாஃப்டிலேயே இருக்கிறது. மெதுவாகச் சுழலும்போதெல்லாம் கேஜ் குறைத்துத்தான் காட்டும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைக் காட்டும் லீக்டவுன் டெஸ்டர் இரவல் வாங்கு. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றைக் கொடு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, கிராங்க் அறையின் காற்றுத் துளையான பிரீத்தரில் சீறினால் பிஸ்டன் ரிங்.

ரிங் என்று தெரிந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பூட்டிவிடாதே. அவசரக்காரர்கள் எல்லோரும் செய்வது அதுதான். அதில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியம். நடுவில் தனி பேரிங் இல்லை, நேராகக் கிராங்கில் உட்காருகிறது. ராடு உட்காரும் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரில் இரண்டு மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பி அள. புதிதில் 1.500 அங்குலம். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் 0.010 அங்குலம் கிரைண்ட் செய்து, அதே அளவு துளை சிறுத்த அண்டர்சைஸ் ராடு போடு. அளக்காமல் பூட்டிய ராடு ஒருநாள் முறியும், முறிந்தது பிளாக்கை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஆயில் பம்பும் கிடையாது. ராடின் அடியிலுள்ள கரண்டி ஆயிலை வாரி அடிப்பதுதான் மொத்த லூப்ரிகேஷன். அதனால் டிப்ஸ்டிக் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதே, செங்குத்துச் சரிவில் வெகுநேரம் ஓட்டாதே.

திறக்கும்போது ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்டின் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.035. பாயிண்டைக் கேஜோடு விட்டுவிடாமல் டெஸ்ட் லைட்டும் வைத்துப் பார். ஃப்ளைவீலின் எஸ் கோடு குறிக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பெல்ட்டில் ஓடுவது ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக உள்ள வகை. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ ஜெனரேட்டரையோ மாற்றினால், எஞ்சினை ஓட்டுமுன் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு நொடி வயரால் தொட்டு எடு. மறந்தால் சார்ஜ் தலைகீழாகப் போய் ரெகுலேட்டர் பாயிண்ட் கருகும்.

துருப்பிடித்த ஹெட் போல்ட்டுகளில் ஒன்றுகூட முறியாமல் எடுத்திருக்கிறாய். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பூட்டும்போது 25-30 அடி-பவுண்டு, ஒரே மூச்சில் இறுக்காதே, மாற்றி மாற்றிப் படிப்படியாக. அவ்வளவு பொறுமையுள்ள கைக்கு வீட்டுக்கு நாலு வரி எழுத மட்டும் வராதா?

கடைசிப் படத்தில் இன்னொரு டிராக்டர் நிற்கிறது. "இது வேறொருத்தருடையது, காசுக்குச் செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். இதையே தொழிலாக்கலாம், செசில் பாண்ட் 1946-ல் வீல் ஹார்ஸ் என்ற தோட்ட டிராக்டர் கம்பெனியைச் சின்னதாக ஆரம்பித்தவர்தானே என்று நீ சொல்வாய். அவர் புது டிராக்டர் செய்து விற்றார், கண்ணு. பழையதைப் பிரித்துப் பூட்டும் பிழைப்பு வேறு கணக்கு. ஒரு முறிந்த போல்ட்டுக்கு அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு யாரும் பில் கட்ட மாட்டார்கள், வண்டி ஓடுகிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். புல் வளரும் பருவத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள், பருவம் முடிந்தால் ஷெட் காலி. உதிரிப் பாகத்துக்கு நீ முன்பணம் கட்டியிருப்பாய், வண்டிக்காரர் மனம் மாறியிருப்பார்.

இதிலேயே சோறு தின்கிறவர்கள் முழு வண்டியைத் தொடுவதில்லை. ஒருவர் கார்ப்பரேட்டரின் திராட்டில் ஷாஃப்ட்டுக்குப் புஷ் போடுவதை மட்டும் செய்வார், ஒருவர் கிராங்க் கிரைண்டிங், ஒருவர் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், ஒருவர் செத்த வண்டியைப் பிரித்துப் பாகமாக விற்பார். ஒரே வேலை நூறு தடவை கையில் வந்தால்தான் வேகம் வரும், வேகம் வந்தால்தான் கூலி மிஞ்சும். மற்றவர்களுக்கெல்லாம் மாதச் சம்பளம் வேறிடத்தில் வருகிறது. எலக்ட்ரீஷியன், கடைசல்காரர், வாத்தியார், பஸ் மெக்கானிக் என்று எத்தனையோ பேர். வண்டியைப் பார்த்தாலே அவரவர் தொழில் தெரியும். எலக்ட்ரீஷியன் கைபட்டதில் எர்த் பளிச்சென்று இருக்கும், போல்ட் தலை மழுங்கியிருக்கும். முழுநேரமாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பென்ஷன் வந்தபின் இறங்குகிறவர்கள். இதையும் மறுபடியும் சொல்கிறேன்: ஒரு வேலையை மட்டும் எடு, முழு வண்டியை எடுக்காதே, எடுத்தாலும் பாகத்துக்கான காசை முன்னாலேயே வாங்கு.

படங்கள் செவ்வாய், வியாழக்கிழமைகளில் எடுத்தவை. நிழல் வண்டிக்கடியிலேயே விழுகிறது, உச்சி வெயில். லீவு போட்டிருப்பான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தி வீட்டு விசேஷத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், இதிலேயே தாள் தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகம் ஏற்றிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம், 3600 ஆர்பிஎம்-தான் எல்லை. பிளேடு பக்கம் போகுமுன் பிளக் வயர். பகலில் போன் எடுக்க முடியுமென்றால் எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்று எழுது. முடியாதென்றாலும் அதை எழுது.

அம்மா