மாலை போடறதுக்கு முன்னால

கண்ணு பிரபு,

நல்லா இருக்கியா சாமி? இங்க எல்லாரும் சுகம். மழை நல்லா பேஞ்சு கிணத்துல தண்ணி ஏறியிருக்கு. நீ வாங்கிக் குடுத்த மோட்டாரைத்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கு. தைலம் போட்டுட்டுத் தோப்புக்குப் போயிடறார், சொன்னா கேக்கறதில்ல.

கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடறேன், 41 நாள் விரதம்னு நீ மெசேஜ் போட்டதுல அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டார். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கல. போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சுடறே. அதனாலதான் எழுதறேன்.

தினமும் குடிச்சுட்டு இருந்த சித்தப்பாவும் அந்த வருஷம் இப்படித்தான் திடீர்னு நிறுத்திட்டு மாலை போட்டார். மூணாம் நாள் நடந்ததை நீ வாசல்ல நின்னு பார்த்தே, சின்னப் பையன். விரதத்துல ஏதோ குறைன்னு ஊரு பேசுச்சு, ஆத்தாவும் கடைசி வரைக்கும் அப்படியே நம்புனாங்க. வீடு வீடாப் போய் ஆரோக்கியம் விசாரிக்கற இந்த ஆஷா வேலைக்கு நான் வந்து, ட்ரெயினிங்ல உக்காந்து டாக்டர் சொல்லக் கேட்டப்பதான் அது என்னன்னு எனக்கு விளங்குச்சு.

தினமும் குடிச்சுப் பழகின உடம்புல, சாராயம் மூளையை அமுக்கி அமுக்கி வெச்சிருக்கும். மூளையும் அதுக்கு ஈடு குடுத்து வேகத்தைக் கூட்டிக்கும். திடீர்னு ஒரு நாள் நிறுத்தினா அமுக்கறது போயிடும், வேகம் மட்டும் நிக்கும். கடைசியாக் குடிச்ச ஆறு மணி, எட்டு மணி நேரத்துலயே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு ஃபிட்ஸ் வரும். ரெண்டாம் நாளுக்கு மேல சிலருக்கு நினைவு தப்பி, இல்லாத ஆளு, இல்லாத பூச்சி எல்லாம் கண்ணுல தெரியும். காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும். பார்க்காம விட்டா உயிருக்கே ஆபத்து. என் வார்டுல மாலை போட்ட வீட்டுக்கெல்லாம் கார்த்திகை மாசம் நான் ரெண்டு தடவை போறது இதுக்குத்தான்.

நீ ஓணத்துக்கு வந்தப்ப, காலையில டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டுக் காப்பி குடிச்சே. அப்பா பேப்பர் படிச்சுட்டு இருந்தார், அவருக்குத் தெரியாது. நான் கேக்கல. இப்பவும் எவ்வளவு, எப்பருந்துன்னு கேக்க மாட்டேன். தங்கச்சி பையன் காதுகுத்துக்கு நீ ஏன் வரலன்னும் கேக்கல, அவதான் மூணு நாள் அழுதா. தாய்மாமன் மடியில உக்கார வேண்டிய குழந்தை கண்ணு.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ரூம்ல இருந்துட்டு, தானா நிறுத்திடாதே. முதல்ல டாக்டரைப் பாரு, அப்புறம் மாலை போடு. ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, நடுக்கம் அடங்கறதுக்கு மாத்திரை குடுத்து, அதை நாளுக்கு நாள் குறைச்சு நிறுத்துவாங்க. தயமின்னு பி-1 விட்டமின் ஊசி போடுவாங்க, குடிக்கறவங்களுக்கு அது ரொம்பக் குறைஞ்சு போயிருக்கும், மறதி வராம இருக்கணும்னா அது வேணும். முதல் ஒரு வாரம், பத்து நாள்தான் கஷ்டம். ஐயப்பன் எங்கயும் போயிட மாட்டார். பத்து நாள் தள்ளிப் போட்டாலும் மாலை மாலைதான்.

சென்னையில நீ இருக்கற இடத்துலயே அடையாறுல டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கு. சாந்தி ரங்கநாதன்னு ஒரு அம்மா, குடியால புருஷனைப் பறிகுடுத்துட்டு 1980-ல ஆரம்பிச்சது. கிராமத்துக்கே போய் முகாம் போட்டு, ஊர்க்காரங்களைக் கூட வெச்சுக்கிட்டுச் சிகிச்சை குடுத்தவங்க. அந்த அம்மாவை நினைச்சா எனக்கு அப்படியே கும்பிடத் தோணும். அங்க போனா குடும்பத்தையும் வரச் சொல்லிப் பேசுவாங்களாம். நான் வர்றேன். லீவு கிடைக்கலன்னாலும் வர்றேன்.

இல்ல, அங்க யாராவது பார்த்துடுவாங்கன்னு இருந்தா இங்க வந்துடு. நம்ம ஜில்லாவுலயும் கேரளா சர்க்காரோட விமுக்தி டி-அடிக்‌ஷன் சென்டர் இருக்கு, காசு வாங்கறதில்ல. வெளியில வந்ததுக்கு அப்புறம் மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் மாசாமாசம் நம்ம பக்கமே பார்த்துக்கலாம். ஆஸ்பத்திரியில சுத்தமாகறது பாதிதான் கண்ணு. வீட்டுக்கு வந்த அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்துல யார் இருக்காங்கங்கறதுலதான் மீதி இருக்கு. 1996 ஏப்ரல்ல கேரளா பூரா சாராயக் கடையை மூடினப்ப நம்ம பக்கத்துப் பொம்பளைங்க தேங்காய் உடைச்சோம். ஆம்பளைங்க செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்க் குடிச்சுட்டு வந்தாங்க. கடையை மூடினதோட எல்லாரும் விட்டுட்டோம், கூட உக்காந்து பேச ஆளு இல்ல. இப்ப ஏ.ஏ. கூட்டம் நடக்குது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு பேரு, குடியை விட நினைக்கறவங்க கூடிப் பேசறது. அமெரிக்காவுல 1935-ல குடிச்சுக் கெட்ட ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே நிறுத்தி ஆரம்பிச்சது அது. குடியை நிறுத்தணுங்கற ஆசை இருந்தாப் போதும், வேற தகுதி கேக்க மாட்டாங்க, பேரு கூட வெளியில போகாது.

கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயப்படாதே. 2017 மனநலச் சட்டத்துல குடி, போதையால வர்ற நிலைமையும் சேர்ந்திருக்கு. சிகிச்சை விவரத்தை உன் சம்மதம் இல்லாம இஷ்டத்துக்கு வெளியில சொல்லக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. இன்ஷூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவை எடுத்துப் பாரு.

நடுவுல ஒரு நாள் மறுபடி குடிச்சுட்டாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லு. சர்க்கரை ஏறினா அப்பா மாத்திரையை மாத்தறாரே, அதே மாதிரிதான். வெக்கப்பட்டுட்டு போனை அணைச்சு வெக்காதே. அதுதான் எனக்குத் தாங்காது.

எருத்தேம்பதி ஸ்கூல்ல படிச்ச பையன் சென்னையில இருபது பேருக்கு வேலை சொல்றான்னு நான் போற வீட்டுலயெல்லாம் சொல்றேன். இன்னும் சொல்லிட்டுத்தான் இருப்பேன்.

தனியா நிறுத்திடாதே கண்ணு. டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்து. ராத்திரி நேரத்துல மனசு ஒரு மாதிரி இருந்தா 14416 அடி. டெலி மானஸ்னு பேரு, 2022-லருந்து இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நடுக்கத்தோட ஃபிட்ஸோ குழப்பமோ வந்தா போன் பேசிட்டு நிக்காதே, 108 கூப்பிடு. ரூம்ல இருக்கற பையன்கிட்டயும் இந்த நம்பரைக் குடுத்து வை.

இது கிடைச்சதும் என் போனுக்கு ஒரு மெசேஜ் போடு. அப்பா போனுக்கு வேண்டாம். அவருக்கு நானே மெதுவாச் சொல்லிக்கறேன். எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு மட்டும் எழுது, நான் டிக்கெட் போடணும்.

அன்புடன்,
அம்மா