செயலாளரின் ஆண்டறிக்கை: கணக்கு திறந்தாயிற்று, அப்புறம்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வங்கிச் சேவையும் நியாயமான கடனும் எளிய மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் சங்கத்தின் நோக்கம். கடந்த பொதுக்குழு சொன்னபடி இந்த ஆண்டு இரண்டு வேலைகளைச் செய்தோம். வளரும் நாடுகளில் இந்த முயற்சி எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்று மாதக் கூட்டங்களில் ஒவ்வொரு நாடாக எடுத்துப் படித்தோம். உதவி மேசையையும் வழக்கம்போல நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் வேலையைப் பற்றியும், அதிலிருந்து நமக்குத் தெரியவந்ததைப் பற்றியும் சொல்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டோம். 2011-இல் உலகில் வயது வந்தோரில் 51 சதவீதம் பேருக்குத்தான் வங்கியிலோ அதுபோன்ற நிறுவனத்திலோ கணக்கு இருந்தது. 2021-இல் அது 76 சதவீதம் ஆனது. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் வந்ததை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஆனாலும் அந்த ஆண்டுக் கணக்கில் இன்னும் 140 கோடிப் பேர் வெளியே நின்றார்கள். வளரும் நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் 6 சதவீதப் புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள்.

இதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அதுதான் இந்த ஆண்டு முழுக்க நம் பேச்சைத் திசைதிருப்பியது. இந்தியாவில் 2014 ஆகஸ்ட்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்ற ஏற்பாடு. 2017-க்குள் அந்த நாட்டில் வயது வந்தோரில் 80 சதவீதம் பேருக்குக் கணக்கு வந்துவிட்டது. ஆனால் அப்படிக் கணக்கு வைத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு முறைகூடப் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பாஸ்புக் பெட்டிக்குள் இருக்கிறது, பணம் வேறு எங்கோ புழங்குகிறது. பின்னால் வந்த கணக்கெடுப்பில் நிலைமை கொஞ்சம் தேறியது உண்மை. என்றாலும் கணக்கு திறப்பதையே இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தியாவின் பழைய கதையையும் சேர்த்துப் படித்தோம். 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1977 முதல் 1990 வரை ஒரு விதி இருந்தது: ஏற்கெனவே கிளை உள்ள ஊரில் ஒரு வங்கி புதிதாக ஒரு கிளை திறக்க வேண்டுமானால், கிளையே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறந்தாக வேண்டும். அதன் பலனை ராபின் பர்ஜெஸ், ரோகினி பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து, கிளை விரிவால் கிராமப்புற வறுமை குறைந்தது என்று காட்டினார்கள். அதே காலத்தில் கிராமப்புறக் கடன்களில் வராக்கடன் மிகுதியாக இருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. கிளை பக்கத்தில் இருப்பது நல்லது, ஆனால் அதை நடத்தும் செலவை யார் தாங்குவது என்ற கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. கூட்டத்தில் இதைப் பற்றி நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. அரசுதான் தாங்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வங்கிக்குக் கட்டுப்படியாகாத சேவை நாளடைவில் தேய்ந்துவிடும் என்றார்கள் மற்றவர்கள். முடிவுக்கு வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது சேமிப்பு பற்றி நடந்த கூட்டம். ஏழைகளுக்குக் கடன்தான் முதல் தேவை என்று நாம் எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கானாவில் சுசு வசூலிப்பவர்கள் என்று இருக்கிறார்கள். சந்தையில் தினமும் கடை கடையாக வந்து ஒரு சிறு தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் சேர்ந்த பணத்தைத் திருப்பித் தருவார்கள், ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு. அதாவது வட்டி கிடைப்பது இருக்கட்டும், கையிலிருந்து காசு கொடுத்துச் சேமிக்கிறார்கள். பணம் வீட்டில் இருந்தால் கரைந்துவிடும், யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது; பத்திரமாகத் தள்ளி வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் கூலி கொடுக்கிறார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் சந்தை வியாபாரிகளுக்கு வட்டியே இல்லாத, பணம் எடுக்கக் கட்டணமும் உள்ள கணக்குகளைத் திறந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. அப்படிப்பட்ட கணக்கைக்கூடப் பெண்கள் பலர் பயன்படுத்தினார்கள், தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள்.

இந்தோனேசியாவின் பேங்க் ரக்யாட் இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. மானிய வட்டியில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதற்காக அந்த வங்கி கிராம அலகுகள் என்ற சிறு கிளைகளைத் தொடங்கியிருந்தது. வாராக்கடனால் அவை நட்டத்தில் ஓடின. 1984-இல் மானியக் கடனை விட்டுவிட்டு, செலவை ஈடுகட்டும் வட்டியில் பொதுவான சிறுகடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1986-இல் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய சிம்பெடெஸ் சேமிப்புக் கணக்கு நாடு முழுக்க வந்தது. மக்கள் பணம் குவிந்தது. 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டபோது இந்தக் கிராம அலகுகளில் வைப்புத் தொகை கூடியது. வெளியிலிருந்து வரும் மானியத்தை நம்பாமல், தன் வாடிக்கையாளர்களின் சேமிப்பையே கடனாகக் கொடுக்கும் அமைப்பு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அடுத்து கென்யா. 2007 மார்ச்சில் கைப்பேசி வழியாகப் பணம் போட, எடுக்க, அனுப்ப உதவும் எம்-பெசா சேவை வந்தது. ஆரம்பத்தில் சிறுகடன் தவணைகளைக் கைப்பேசி வழியாகக் கட்டவே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மக்களோ அதை வீட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், அதை நடத்திய நிறுவனமும் அந்த வழியிலேயே போனது. அதன் உயிர் முகவர் கடைதான். நீங்கள் பணத்தைக் கொடுக்கிறீர்கள், அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள். முகவர் தன் கைப்பேசியில் உள்ள மின்பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றுகிறார், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார், உங்களுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. இவ்வளவுதான். ஆனால் முகவர் எப்போதும் இரண்டு கையிருப்பைச் சமாளிக்க வேண்டும்: கல்லாவில் ரொக்கம், கைப்பேசியில் மின்பணம். நகரத்திலிருந்து கிராமத்துக்குத்தான் பணம் வருகிறது என்பதால் கிராமத்து முகவரிடம் எல்லோரும் ரொக்கம் கேட்டு வருவார்கள். கல்லா காலியானால் சேவை நின்றது. முகவர் வழி வங்கிச் சேவை பற்றிப் பேசும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரொக்கத்தை அவருக்கு யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை கொண்டுவந்து தருகிறார்கள் என்பதுதான். தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவால் கென்யாவில் சுமார் 2 சதவீதக் குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக மதிப்பிட்டது.

அதே கைப்பேசியில்தான் அடுத்த தொல்லையும் வந்தது. 2012-இல் எம்-ஷ்வாரி என்ற சேமிப்பும் கடனும் சேர்ந்த சேவை வந்தது. அதன் பின்னால் கடன் செயலிகள் வரிசையாக வந்தன. சில நொடிகளில் கடன், மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அதை வட்டி என்று யாரும் அழைக்கவில்லை, அதனால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று யாரும் கணக்குப் பார்க்கவும் இல்லை. சின்னத் தொகையைக் கட்டத் தவறிய ஏராளமானோர், யார் கடனைக் கட்டவில்லை என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலில் ஏறினார்கள். 2020-இல் கென்ய மத்திய வங்கி, 1,000 ஷில்லிங்குக்குக் கீழான பாக்கிக்காக யாரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று சொல்லியது. 2021 டிசம்பரில் டிஜிட்டல் கடன் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. வசதி முன்னால் வந்துவிட்டது, பாதுகாப்பு பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

வங்கதேசத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1976-இல் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தன் கைப்பணத்தில் கொடுத்த கடனிலிருந்து கிராமீன் வங்கியின் கதை தொடங்கியது. 1983-இல் அது தனி வங்கியானது. 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் வங்கிக்கும் சேர்ந்து கிடைத்தது. ஐந்து ஐந்து பேராகக் குழு, வாரா வாரம் கூட்டம், ஈடு கிடையாது. நாம் எல்லோரும் அறிந்த பகுதி இது. அதிகம் பேசப்படாத பகுதி, 1998 வெள்ளத்துக்குப் பின் நடந்தது. தவணை கட்ட முடியாதவர்கள் பெருகியபோது வங்கி தன் விதிகளையே மாற்றியது. தவணையைத் திருத்தி அமைத்துக்கொள்ள வழி செய்தார்கள், பொதுமக்களிடமிருந்தும் சேமிப்பைத் திரட்டினார்கள். நெகிழ்ந்து கொடுக்கத் தெரிந்த வங்கிதான் ஏழைக்குத் தோதான வங்கி என்பது என் கருத்து.

நெகிழாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் பார்த்தோம். ஒரே வீட்டுக்கு நான்கைந்து நுண்கடன் நிறுவனங்கள், அதாவது ஏழைகளுக்கு ஈடில்லாமல் சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள், கடன் கொடுத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் ஏறக்குறைய நின்றே போனது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. ஒருவருக்கு இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்பது அப்போது அவற்றில் ஒன்றாக இருந்தது. 2015-இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடன் சிலருக்குக் கைகொடுக்கிறது, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானத்தை அது புரட்டிப் போடவில்லை என்பது அவற்றின் சாரம்.

இனி உதவி மேசை. படிவம் நிரப்புவது, அடையாளச் சான்றில் பெயர் மாறியிருப்பதைத் திருத்த மனு எழுதுவது, செயலற்ற கணக்கை உயிர்ப்பிப்பது, வாரிசு நியமனம் செய்வது எனப் பழகிய வேலைகள் நடந்தன. இந்த ஆண்டு அதிகம் வந்தது ஒரே கேள்வி: "இந்தக் கடன் வாங்கலாமா?" அதற்காகவே ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டினோம். அதை இங்கேயும் சொல்கிறேன்.

12,000 கடன், ஓராண்டு, வட்டி 12 சதவீதம் என்று ஒருவர் சொல்கிறார். ஓராண்டு வட்டி 1,440. அசலோடு சேர்த்து 13,440. பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 1,120. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறோம், ஆறாவது மாதம் முடியும்போது பாதி அசல் திரும்பிப் போயிருக்கும். அப்படியிருந்தும் கடைசி மாதம் வரைக்கும் முழு 12,000-க்கும் வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்கு ஏற்றபடி கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்துக்கு மேல். இதில் செயல்முறைக் கட்டணம் என்று 240-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 11,760-ஐக் கையில் கொடுத்தால், அது 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். இந்தத் தாளைப் படித்துவிட்டு, கடனே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. வட்டியைத் தெரிந்துகொண்டே வாங்கியவர்களும் உண்டு. இரண்டுமே சரிதான். தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான் நாம் கேட்பது.

ஒரு கடன் செயலியில் வாங்கியவரின் கைப்பேசித் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்திய சம்பவம் நம் மேசைக்கு வந்தது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைக்கச் சொல்லி, புகார் எழுதிக் கொடுத்தோம். அந்தச் செயலிக்கு உரிமம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதை எல்லாக் கூட்டங்களிலும் இனி சொல்ல வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. புதுக் கணக்கு தொடங்கும் முகாம்களைக் குறைத்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ள கணக்குகள் ஏன் புழங்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்பது. உறுப்பினர்களிடம் உள்ள கடன் ஒப்பந்தங்களைப் படித்து, மறைந்திருக்கும் கட்டணங்களை அவர்களுக்கு எளிய தமிழில் எழுதிக் கொடுப்பது. முகவர்களோடு ஒரு கூட்டம் நடத்தி அவர்களுடைய ரொக்கச் சிக்கலையும் தரகுத் தொகையையும் நேரில் கேட்டறிவது. முதல் பரிந்துரையில் செயற்குழுவுக்குள்ளேயே மாற்றுக் கருத்து உண்டு. முகாம்கள்தான் சங்கத்தை வெளியே காட்டுகின்றன என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் புழங்காத கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுக்குழு விவாதித்து முடிவு செய்யட்டும்.

உதவி மேசையில் உட்கார்ந்த தன்னார்வலர்களுக்கும், கூட்டங்களுக்குக் கட்டுரைகளைத் தேடிப் படித்து வந்து பேசிய இளைய உறுப்பினர்களுக்கும், தட்டச்சு வேலைகளைப் பொறுமையாகச் செய்த துணைச் செயலாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முதல் பரிந்துரை பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இப்போதே தலைவரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்